பச்சைக் கறி போடுகிறீர்கள் சரி, கால்சியம் எங்கே?

"ஓநாய் என்ன சத்து மாத்திரையா விழுங்கியது?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாய்க்குப் பச்சைக் கறி போட்டு வளர்க்கும் நம் நண்பர்களிடம் சத்துச் சேர்மானம் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் பதில் இது. ஓநாய் விழுங்கவில்லைதான். ஆனால் அது இரையை எலும்பு, ரத்தம், ஈரல், குடல், தோல் என்று தின்றது. நாம் வைப்பது எலும்பு நீக்கிய கோழிக்கறி, கொஞ்சம் ஈரல், சில நாள் அதற்குப் பதில் கிஸர்ட் எனும் கோழி இரைப்பை. இரண்டும் ஒன்றாகாது. வீட்டிலேயே கலந்து போடும் பச்சைக் கறி உணவுக்கு ஏதோ ஒரு சேர்மானம் கிட்டத்தட்ட எப்போதும் தேவை என்பதுதான் என் உறுதியான கருத்து. எது, எவ்வளவு என்பது தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் கால்சியம். எலும்பில்லாத கறி ஒரு கிலோவில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். கால்சியமோ 100 மில்லிகிராம் அளவுதான். நாய்க்குப் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது கால்சியம் வேண்டும், இரண்டு மடங்கு வரை போகலாம். இங்கே கணக்கு தலைகீழாக, இருபதில் ஒரு பங்காக இருக்கிறது. தட்டில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். வளர்ந்த நாய் நெடுநாள் வெளியே காட்டாமல் தாங்கும். குட்டியால் முடியாது. சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்குத் தெரிந்த வீட்டில் பூர்பூல் என்ற பெரிய சாதி நாயின் குட்டி ஒன்றுக்கு வெறும் கறி மட்டும் ஆசை ஆசையாகப் போட்டார்கள். முன்னங்கால் வளைந்து, நடக்கவே அழுதது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகத் தெரியவே இல்லை. பணம் குறைவாகச் செலவழித்த வீடு இல்லை அது, அன்பும் குறையவில்லை.

அதற்காகப் பயந்துபோய் கால்சியம் பொடியை அள்ளிக் கொட்டுவதும் அதே அளவு ஆபத்து. சின்னக் குட்டியின் குடலுக்கு, வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறமை இன்னும் வந்திருக்காது. கொடுப்பது உள்ளே போய் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். பூர்பூல் மாதிரி பெரிய சாதிக் குட்டிகளுக்கு இது மிகவும் மோசம். குட்டி வளர்ப்பவர்கள் தயவுசெய்து யாருடைய பதிவையும் பார்த்து, என்னுடையது உட்பட, அளவு முடிவு செய்யாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லிக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

வளர்ந்த நாய், எலும்பில்லாத கறி என்றால் முட்டை ஓடு போதும். கழுவி, ஓவன் அடுப்பில் காயவைத்து, மாவாக அரைத்தால், ஒரு தேக்கரண்டித் தூளில் சுமார் 2 கிராம் கால்சியம். ஒரு கிலோ கறிக்கு அவ்வளவு. கோழிக் கழுத்தோ, நாம் வாக்கி டாக்கி என்கிற கோழித்தலையும் காலுமோ ஏற்கெனவே நிறையப் போடுகிறீர்களா? அப்படியானால் தூள் வேண்டாம்.

எலும்பு போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ, டி எல்லாம் இன்னும் பாக்கி. நம்மைப் போல வெயிலில் நின்று போதுமான வைட்டமின் டி தயாரிக்க நாயின் தோலால் முடியாது, டர்பன் வெயிலானாலும் சரி. ஜூன், ஜூலையில் தெற்குக் கரையோரம் மத்தி மீன் வரும்போது வாங்கி வேகவைத்துக் கொடுப்பது நல்லது. தக்காளிச் சாறும் மிளகாயும் போட்ட டின் மீன் வேண்டாம். ஈரல் மொத்த உணவில் இருபதில் ஒரு பங்கு போதும், அதிகமானால் வைட்டமின் ஏ சேர்ந்து கெடுக்கும். வைட்டமின் சி மாத்திரைக்குக் காசு செலவழிக்காதீர்கள், நாயின் உடம்பே அதைச் செய்துகொள்கிறது. இன்னொன்று, மலிவான அரைத்த கறியில் தொண்டைப் பகுதி கலந்திருந்தால் தைராய்டு சுரப்பியும் சேர்ந்து வந்து, நாய்க்குத் தைராய்டு ஹார்மோன் மிகையாகலாம்.

கலிஃபோர்னியாவில், டேவிஸ் பல்கலைக்கழகத்தில், வீட்டுச் சமையல் நாய் உணவுக் குறிப்புகள் 200ஐ ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. குறிப்பு எழுதியவர்களில் கால்நடை மருத்துவர்களும் இருந்தார்கள். கண்ணளவில் போட்டுச் சரிக்கட்டலாம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடையில் உறைந்த பச்சைக் கறி உணவுப் பாக்கெட் வாங்குபவர்கள், தீவனங்களைப் பதிவு செய்ய வைக்கும் 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி வி எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, 'முழுமையான உணவு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழுமையானது என்றால் மேலே எதுவும் தூவத் தேவையில்லை. கிருமியைப் பற்றிச் சுருக்கமாக: உறையவைத்தால் லிஸ்டீரியா சாகாது. 2017, 2018ல் இந்த நாட்டில் அது இருநூறுக்கு மேற்பட்ட மனித உயிர்களைக் கொண்டுபோனதை நாம் பார்த்தோம். வீட்டில் கைக்குழந்தையோ, வயதான ஆயாவோ, கர்ப்பிணியோ இருந்தால் பச்சைக் கறியே வேண்டாம் என்பேன்.

அப்புறம் புரட்டாசி. விரதம் நம்முடையது, நாய்க்கு இல்லை. ஃப்ரீசரைக் கராஜுக்கு மாற்றி முற்றத்தில் வைத்துப் போட்டால் யாருக்கும் தீட்டில்லை என்பது என் எண்ணம். பெரியவர்கள் மனம் ஒப்பவில்லை என்றால், அந்த மாதம் பதிவு பெற்ற முழுமையான உலர் தீனிக்கு ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள், முட்டை ஓட்டுத் தூளை அதோடு நிறுத்திவிடுங்கள். வெறும் பருப்புச் சோற்றில் மாதம் ஓட்டாதீர்கள். வெங்காயமும் பூண்டும் தாளித்த பருப்பு நாயின் ரத்த அணுக்களையே உடைக்கும், அதை ஒரு வேளைகூட வைக்காதீர்கள்.