கால் கொடுத்தாயிற்று, பிறகு பார்க்க ஆள் எங்கே?

முகாம் ஒன்றில் இத்தனை பேருக்குச் செயற்கைக் கால் வழங்கினார்கள் என்ற எண்ணிக்கையோடு ஒரு செய்தி முடிந்துவிட்டது. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்தபின் மிஞ்சும் கால் முதல் வருடத்திலேயே நன்றாக வற்றிவிடும். அதைச் செருகும் கிண்ணமான சொக்கெட் லூசானதும் மிஞ்சிய கால் உள்ளே இறங்கி, சுமை தாங்கக் கூடாத இடங்களில், அதாவது கணைக்கால் எலும்பின் வெட்டு நுனியிலும் வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலையிலும், அழுத்தும். மிஞ்சிய காலுக்குத் துணியுறை ஒன்று கூடப் போட்டுக் கொஞ்சநாள் சமாளிக்கலாம். நாலைந்து போட்டும் ஆடினால் புதிதாகப் பிளாஸ்டர் அச்செடுக்கத்தான் வேண்டும். அச்சைத் திருத்தும்போது அந்த எலும்பு மேடுகளுக்கு இடம் விடச் சாந்து கூட்டி, சுமை தாங்கக்கூடிய, முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநார் வரும் இடத்தில் சாந்தைச் சுரண்ட வேண்டும். மில்லிமீற்றர் கணக்கு வேலை இது. சீனி வருத்தக்காரருக்கோ புண் வந்ததே தெரியாது, மட்டக்களப்பு வெயிலில் வியர்வை வேறு.

பத்து இலட்சம் பேருக்குச் செயற்கைக் கால் பொருத்திப் பார்க்கும் நிபுணர்கள் 5 முதல் 10 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2017 நியமம். மட்டக்களப்பும் அம்பாறையும் சேர்ந்து 2012 கணக்கெடுப்பிலேயே 11 இலட்சத்துக்கு மேல். ஆகக் குறைந்தது 6 பேர் வேண்டும். அதில் ஒருவராவது தமிழில் கதைத்து, மாதம் ஒருநாள் பொத்துவிலுக்கும் வாகரைக்கும் போகட்டும். ஒரு பட்டி இறுக்க 100 கிலோமீற்றர் பஸ்ஸில் வரச் சொன்னால், காலைக் கழற்றி மூலையில் சாத்திவிடுவார்கள்.