பிரமநாயகம் பிள்ளையின் காதல்

காதல் கதைகளை எழுதித் தீர்த்தாயிற்று, இனிமேல் அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நண்பர் ஒருவர் நேற்றுக் கேட்டார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இரவெல்லாம் அதே நினைப்பாக இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

தேய்ந்துபோனது சந்திப்பு, எதிர்ப்பு, கடைசியில் சேர்வது அல்லது சாவது என்கிற அந்த வரிசைதான். சிறுகதையில் அத்தனைக்கும் இடமும் கிடையாது. பத்துப் பக்கத்துக்குள் இரண்டு பேரைப் பழகவைத்து, பிரித்து, ஒருவரைக் கொன்று, நம்மையும் அழவைக்கப் பார்க்கிற கதைகளைப் படித்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்த இரண்டு பேரும் யார் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் முதல் வரியிலேயே செல்லம்மாளின் உயிர் போய்விடுகிறது. அப்புறம்தான் கதை பின்னோக்கிப் போகிறது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயில் கிடக்கும் மனைவிக்குச் சமைத்து வைக்கிறார், வேலைக்குப் போகிறார், திரும்பி வந்து பக்கத்தில் உட்காருகிறார். வறுமை வேறு. அவர் உருகி ஒரு வசனம் பேசி எனக்கு நினைவில்லை. ஆனால் தமிழில் எனக்குப் பிடித்த காதல் கதை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1899-இல் எழுதிய 'நாய்க்காரச் சீமாட்டி' கதையும் எனக்கு அப்படித்தான். கணவனுக்குத் தெரியாமல் குரோவுடன் பழகும் அன்னா, ஹோட்டல் அறையில் குற்ற உணர்ச்சியில் குமைந்துகொண்டிருக்கிறாள். குரோவ் தர்பூசணியில் ஒரு துண்டு வெட்டி மெதுவாகத் தின்கிறான். அரை மணி நேரம் பேச்சே இல்லை. அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை அந்தத் துண்டு காட்டிவிடுகிறது. கதையின் முடிவில் அதே ஆள் அவள் தோளில் கை வைத்தபடி கண்ணாடியில் தன் நரையைப் பார்க்கிறான். வாழ்க்கையில் முதல்முறையாகக் காதலிக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. தர்பூசணியிலிருந்து நரை வரைக்கும் அவன் கடந்த தூரம்தான் எனக்கு அந்தக் கதை.

நம் அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது மரபு. குறுந்தொகைப் பாட்டுகளோ பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். பெயர், ஊர், முன்கதை எதுவும் இல்லாமல் ஒரு கணத்தை மட்டும் பிடித்து ஓர் உறவைக் காட்டியிருக்கிறார்கள். சிறுகதைக்கும் அந்த ஒரு கணம் போதும் என்று நம்புகிறேன்.

என் அம்மாவுக்கு முதுகுவலி. குனிய முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அம்மாவின் காலை மடியில் வைத்து நகம் வெட்டுவார். சுண்டுவிரல் வரும்போது மட்டும் அம்மா, "பார்த்துங்க" என்பார். "ம்" என்பார் அப்பா. வேறு பேச்சு இருக்காது. இருபது வருடம் இதைப் பார்த்தபடியே அந்த அறையைக் கடந்து போயிருக்கிறேன். என் பெற்றோருக்குள் காதல் உண்டா என்று யாராவது கேட்டிருந்தால், அவர்கள் அந்தக் காலத்து ஆட்கள் என்று சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அப்பா போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. முதல்முறை ரொம்பவும் பயந்து பயந்து வெட்டினேன். முடித்ததும் அம்மா பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டுவார்டா" என்றார். அப்புறம் காலை மெதுவாகச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.