அது நாஜிச் சின்னம் இல்லை

"போக்கிமான் கார்டில் நாஜிச் சின்னம், அதனால்தான் தடை" என்று ஒரு படம் நம்ம சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

படத்தில் இருப்பது கோகா என்ற நிஞ்ஜா பாத்திரத்துக்கான பழைய ஜப்பானியக் கார்டு. அதிலுள்ள குறி மன்ஜி, ஸ்வஸ்திகா வடிவிலான பௌத்தச் சின்னம், ஜப்பானிய வரைபடங்களில் கோயில் இருக்குமிடத்தைக் காட்டப் பல காலமாகப் போடுவது. யாரும் அதைத் தடை செய்யவில்லை. 1999இல் அமெரிக்காவின் யூத அமைப்பான ஆன்டி டிஃபமேஷன் லீக் ஆட்சேபித்ததும் போக்கிமானை வெளியிடும் நின்டெண்டோ நிறுவனமே அந்தக் கார்டை நிறுத்தியது, ஆங்கிலப் பதிப்பிலும் அந்தக் குறி இல்லை.

சின்னம் திரும்பியிருக்கும் திசையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாஜிகளுடையது வலப்பக்கம் திரும்பியது, சரி, ஆனால் நம் வீட்டு வாசலில் போடும் ஸ்வஸ்திகாவும் பெரும்பாலும் அப்படித்தான், யார் எதற்காக வரைந்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிடோக்கில் ரெட் ஸ்வஸ்திகா என்ற பெயரிலேயே தொடக்கப்பள்ளி இருக்கிறதே, அதை நாஜிப் பள்ளி என்போமா?

அப்புறம், "யூதர்கள் சும்மா கத்துகிறார்கள்" என்று எழுதும் ரசிகர்களுக்கு: நாஜிச் சின்னத்தின் கீழ் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த யூத அமைப்பு பதறியது நியாயம். அதே கார்டை "நாஜி கார்டு" என்று விலையேற்றி விற்பதுதான் அசிங்கம்.