உச்சியைத் தொடாதவர் மலையைப் பற்றி எழுதக் கூடாதா?

மலைப் புத்தகப் பட்டியல் விவகாரம் உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் குழுவில் நண்பர் ஒருவர் 'மலைகளைப் பற்றி உலகம் எழுதிய மிகச் சிறந்த நூல்கள்' என்று ஒரு பட்டியல் போட்டார், நானும் அதற்கு ஐந்து புத்தகங்களைப் பரிந்துரைத்தேன். ஒரு வாரமாக எல்லோர் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் நேற்றிரவு பட்டியல் போட்ட நண்பர் 'விதிமுறை விளக்கம்' என்று ஒன்றை எழுதி, நான் பரிந்துரைத்த ஐந்து புத்தகங்களையும் பெயர் சொல்லி நீக்கியிருக்கிறார். காரணம் ஒரே வரி. எழுதியவர் சிகரம் ஏறியிருக்க வேண்டுமாம். 'இது மலைப் புத்தகங்களுக்கான பட்டியல், மலையடிவாரப் புத்தகங்களுக்கு அல்ல.' அதற்கு வந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்தேன். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

மலை என்பது அதன் உச்சி மட்டும் அல்ல. அதன் சரிவு, ஓடை, பாசி, பனி, அங்கே ஆடு மேய்ப்பவர், அங்கே மூட்டை சுமப்பவர், அங்கே கொழுந்து பறிப்பவர் எல்லாம் சேர்ந்ததுதான் மலை. உச்சியில் ஒரு மனிதர் நிற்பது பத்து நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை எழுதினால்தான் மலைப் புத்தகம், மற்ற வாழ்நாள் முழுவதையும் எழுதினால் இல்லை என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

அவர்கள் முதலிடம் கொடுத்திருக்கும் 'அன்னபூர்ணா'வையே எடுத்துக்கொள்வோம். நானும் அந்தப் புத்தகத்தை நேசிப்பவன்தான். 1950 ஜூன் 3-ஆம் தேதி பிரெஞ்சுக் குழுவின் தலைவர் மொரீஸ் ஹெர்சாக்கும் அவரோடு போன லூயி லாஷனாலும் நேபாளத்தின் அன்னபூர்ணா சிகரத்தில் 8,091 மீட்டர் உயரத்தைத் தொட்டார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தில் மனிதர் நின்றது அதுவே முதல் முறை. இறங்கும்போது உறைபனி கடித்தது. இருவரும் கால்விரல்களை இழந்தார்கள். ஹெர்சாக்குக்குக் கைவிரல்களும் பெரும்பாலும் போய்விட்டன. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட புத்தகம் அது.

இப்போது நான் கேட்கிறேன். அதே பயணத்தில் ஷெர்பாக்களுக்குத் தலைவராகப் போனவர் அங் தார்க்கே. உச்சிக்கு நீயும் வா என்று ஹெர்சாக் அவரைக் கூப்பிட்டார். கால் உறைய ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி அவர் மறுத்தார். இதை ஹெர்சாக்கே எழுதியிருக்கிறார். அந்த அங் தார்க்கேயின் நினைவுகள் 1954-இல் பிரெஞ்சில் நூலாக வந்தன. ஆங்கிலத்துக்கு அது வந்து சேர 2016 ஆகிவிட்டது. நான் சொன்ன ஐந்தில் அதுவும் ஒன்று. அதை நீக்கியதற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள்: அவர் அன்னபூர்ணா உச்சிக்குப் போகவில்லை, அவர் வாயால் சொன்னதை வேறொருவர் எழுதினார்.

ஹெர்சாக்கும் வாயால் சொன்னவர்தானே? பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் டென்சிங்கின் சுயசரிதையும் அவர் சொல்ல உல்மன் என்ற எழுத்தாளர் எழுதியதுதானே? அங் தார்க்கேக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? கால் உறைகிறது என்று தெரிந்ததும் நின்றாரே, அந்த முடிவை எடுக்கத் தெரிந்தவருக்கு மலை தெரியாதா? உச்சிக்குப் போனவர்கள் விரல்களை இழந்து திரும்பியபோது அவர்களை இறக்கிக் கொண்டுவந்தவர்கள் யார்? ஷெர்பாக்களும் கூலிகளும் வாரக்கணக்கில் முதுகில் சுமந்து இறக்கினார்கள். அந்த முதுகு சொல்லும் கதை மலைப் புத்தகம் இல்லை என்றால் வேறெது மலைப் புத்தகம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்னபூர்ணா பயணத்தில் போன பிரெஞ்சுக்காரர்கள், தலைவர் ஹெர்சாக்கைத் தவிர, ஐந்து ஆண்டுகளுக்கு எதுவும் வெளியிடக் கூடாது என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உச்சியில் ஹெர்சாக்கோடு நின்ற லாஷனால் 1955-இல் பனிப்பிளவில் விழுந்து இறந்துபோனார். அடுத்த ஆண்டு அவருடைய குறிப்புகள் வெட்டப்பட்டு வெளிவந்தன. வெட்டியவர் ஹெர்சாக்கின் சகோதரர். வெட்டாத வடிவம் 1996-இல்தான் வந்தது. அந்த உச்சிக்குப் போனது தேசத்தின் கௌரவத்துக்காக அல்ல, ஒரே கயிற்றில் கட்டிக்கொண்ட இருவருக்கு நடுவிலான விஷயம் என்று லாஷனால் அதில் எழுதியிருக்கிறார். தனியாகப் போனால் ஹெர்சாக் உயிரோடு திரும்ப மாட்டார் என்று தெரிந்ததால்தான் அவர் கூடப் போனார். ஆக உச்சியைத் தொட்ட இருவரிலேயே ஒருவர் குரல்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முழுதாகக் கேட்டது. உச்சி தொட்டவர் சொன்னால் அதுதான் மலையின் உண்மை என்று நம்பும் நண்பர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சரி, நண்பரின் விதிக்கே வருவோம். பட்டியலில் ஆறாவது இடத்தில் பீட்டர் மாத்தீசனின் 'பனிச்சிறுத்தை' இருக்கிறது. அருமையான புத்தகம். 1973-இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலரோடு நேபாளத்தின் தோல்போ பகுதிக்கு நடந்து போன கதை. அதில் அவர் சிகரம் எதுவும் ஏறவில்லை, கணவாய்களைத்தான் கடந்தார். தேடிப்போன சிறுத்தையைக்கூடப் பார்க்கவில்லை. இதை விதி தடுக்கவில்லையா? கயிலை மலையில் யாரும் ஏறியதாகப் பதிவே இல்லையே, அப்படியானால் கயிலையைப் பற்றி உலகில் ஒரு மலைப் புத்தகமும் கிடையாதா? நேபாளத்தின் மச்சபுச்சாரே சிகரத்துக்கு 1957-இல் போனவர்கள் உச்சிக்குச் சில பத்து மீட்டர் கீழேயே திரும்பிவிட்டார்கள். அந்தப் பயணத்தை அவர்களில் ஒருவரான வில்ஃப்ரிட் நாய்ஸ் நூலாக எழுதினார். அதையும் அடிவாரப் புத்தகத்தில் சேர்த்துவிடலாமா?

அப்போ இது விதியே இல்லை. பிடித்த புத்தகத்தை உள்ளே விட்டு, பிடிக்காததை வெளியே தள்ள ஒரு சாக்கு.

உடனே ஒருவர் வருவார், "மலையேற்ற இலக்கியம் தனி வகைமை, அதைப் புரிந்துகொள்ளுங்கள்" என்று. புரிகிறது ஐயா. தாராளமாக அந்தப் பெயரில் பட்டியல் போடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். 'மலைகளைப் பற்றி உலகம் எழுதிய மிகச் சிறந்த நூல்கள்' என்று தலைப்பு வைத்துவிட்டு அதற்குள் கயிறும் பனிக்கோடரியும் மட்டும் இருந்தால் கேட்கத்தான் செய்வேன்.

"உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவர்களைக் கொச்சைப்படுத்துகிறீர்கள்" என்று இன்னொருவர். இது அநியாயம். அவர்களை இந்தப் பக்கத்தில் என்னளவுக்குக் கொண்டாடியவர் குறைவு. பழைய பதிவுகளைப் போய்ப் பாருங்கள்.

நீக்கப்பட்டதிலேயே எனக்கு மிகவும் வலித்தது நான் ஷெப்பர்ட் (Nan Shepherd) என்ற எழுத்தாளரின் 'உயிருள்ள மலை'. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளில் வாழ்நாள் முழுக்க நடந்த பெண் அவர். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் எழுதினார். ஒரு பதிப்பாளர் மறுத்துவிட்டார். கையெழுத்துப் படி முப்பது ஆண்டுகள் மேசை இழுப்பறையில் கிடந்தது. 1977-இல்தான் அச்சானது. 1981-இல் அவர் இறந்துவிட்டார். அவர் பெயர் பரவலாகப் பேசப்பட்டதெல்லாம் அதற்கு ரொம்பக் காலம் கழித்து. அந்த மலைகளின் உச்சிகளெல்லாம் அவர் கால் பட்டவைதான். ஆனால் அவர் எழுதியது உச்சியைப் பற்றி அல்ல. தண்ணீருக்கு ஒரு அத்தியாயம், பனிக்கும் உறைவுக்கும் ஒன்று, காற்றுக்கும் ஒளிக்கும் ஒன்று, மலையில் தூங்குவதற்கே ஒன்று. எங்கே போகிறோம் என்ற இலக்கில்லாமல், ஒரு நண்பரைப் பார்க்கப் போவதுபோல மலையைப் பார்க்கப் போகும்போதுதான் அது தன்னை முழுதாகக் காட்டுகிறது என்கிறார். இந்தப் புத்தகத்தின் கீழே ஒருவர் "இது வாக்கிங் போன டைரி" என்று கமெண்ட் போட்டு, அதற்கு நண்பர் இதயக்குறி இட்டிருக்கிறார். முப்பது வருடம் இழுப்பறையில் கிடந்தது போதாதா அந்தப் புத்தகத்துக்கு?

இப்போது என் சொந்தக் கதை கொஞ்சம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. மலை என்பது எனக்கு முதலில் புத்தகத்தில்தான் கிடைத்தது. வளர்ந்த பிறகு நண்பர்களோடு இமயத்தில் ஒரு கணவாய்க்குப் போனேன். பாதி வழியில் தலைவலி, வாந்தி, நிற்க முடியவில்லை. உயரம் ஒத்துக்கொள்ளாதபோது செய்ய வேண்டியது ஒன்றே, உடனே கீழே இறங்குவது. நண்பர்கள் மேலே போனார்கள். எங்கள் மூட்டையைச் சுமந்து வந்தவர் என்னை அழைத்துக்கொண்டு இறங்கினார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இந்தச் சரிவு எந்த மழையில் பெயர்ந்தது, எந்தப் புல்வெளி யார் ஆட்டுக்கு, மேகம் எந்தப் பக்கம் திரண்டால் கூடாரத்தைப் பிரித்துவிட வேண்டும், அவருடைய அண்ணன் எந்த வளைவில் விழுந்தார். நான் மூச்சு வாங்கி உட்கார்ந்த ஒவ்வோர் இடத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. திரும்பி வந்ததும் நண்பர்களில் ஒருவர் அந்தப் பயணத்தைப் பக்கம் பக்கமாக எழுதினார். நல்ல எழுத்துதான். அதில் இந்த மனிதர் 'எங்கள் போர்ட்டர்' என்று ஒரே இடத்தில் வருகிறார். பெயர் இல்லை.

அன்றிலிருந்து எந்த மலைப் புத்தகத்தைத் திறந்தாலும் சுமந்தவர் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2-வில் 1954-இல் என்ன நடந்தது? உச்சிக்குப் போகும் இருவருக்காக ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்துபோன இத்தாலிய மலையேறி வால்டர் பொனாட்டியும், பாகிஸ்தானின் ஹுன்சாவைச் சேர்ந்த சுமைதூக்கி அமீர் மஹ்தியும் சொன்ன இடத்தில் முகாம் இல்லாமல், கூடாரமும் இல்லாமல், எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஓர் இரவு முழுக்க வெட்டவெளியில் கிடந்தார்கள். மஹ்தி கால்விரல்களை இழந்தார். அந்த இரவில் நடந்ததைப் பற்றிப் பொனாட்டி எழுதினார், வாதாடினார், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் போராடி இத்தாலிய மலையேற்றச் சங்கத்தைத் தன் தரப்பை ஏற்கவைத்தார். மஹ்தி புத்தகம் எழுதவில்லை. 1999-இல் இறந்தார்.

எவரெஸ்ட்டில் 1922-இல் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் செத்தார்கள். அந்தப் பயணத்தில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல், எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று குமுறி எழுதினார். பிறகு நெய்யூரில் மருத்துவராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தாரே, அதே சோமர்வெல். எவரெஸ்ட் உச்சியை அவரும் தொடவில்லை. அவர் புத்தகத்தையும் நீக்குங்கள்.

அப்புறம் நம் தமிழ் நூல்கள். பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' மூலத்தில் ஆங்கிலம், இரா. முருகவேள் தமிழில் தந்தார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் கதை. எழுதியவர் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். அட்டைக்கடியும் காய்ச்சலும் மழையும் அதில் வருவதுபோல வேறெங்கும் நான் படித்ததில்லை. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நீலகிரிப் படகர் வாழ்க்கை தலைமுறை தலைமுறையாக மாறுவதைச் சொல்கிறது. இரண்டையும் "மலையைப் பின்னணியாக வைத்த சமூக நாவல்கள், அரசியல்" என்று ஒதுக்கியிருக்கிறார்கள். எது பின்னணி? காட்டை வெட்டித் தேயிலை நட்டது மலைக்கு நடந்த விஷயம் இல்லையா? ஒரு நாட்டின் கொடியைச் சுமந்துபோய் உச்சியில் நடுவதில் அரசியல் இல்லை, கூலிக்காரர் மலையில் செத்தால் மட்டும் அரசியலா?

சங்க நூலான மலைபடுகடாம் பற்றி நண்பர் சொன்னது "அது பரிசில் கேட்கும் பாட்டு". ஆமாம், ஆற்றுப்படைதான். நன்னன் என்ற அரசனிடம் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. 583 அடி. அந்த வழி எப்படிச் சொல்லப்படுகிறது என்று ஒருமுறையாவது படித்தாரா? பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் பறந்து வரும், மரத்துக்குப் பின்னால் மறைந்து போங்கள். மரம் என்று நினைத்துவிடக் கூடிய மலைப்பாம்பு கிடக்கும், விலகிப் போங்கள். பாசி வழுக்கும் இடத்தில் சிறுமூங்கிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மலையில் எழும் ஓசைகள் மட்டுமே அடி அடியாக வருகின்றன: அருவி, யானை, தினை குற்றும் பெண்களின் பாட்டு. அதைப் பாடிய பெருங்கௌசிகனார் எந்த உச்சியில் ஏறினார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மலையில் காலையும் காதையும் எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக, இன்பாக்ஸில் வந்த ஒன்று. "நீங்கள் ஒரு சிகரமாவது ஏறிவிட்டு வந்து பேசுங்கள்." அனுப்பியவர் எனக்கு மூச்சிரைப்பு என்று தெரிந்தவர். என் வீட்டுக்கு வந்திருக்கிறார், என் அலமாரியிலிருந்து மலைப் புத்தகங்களை இரவல் வாங்கிப் போயிருக்கிறார். அவருக்குப் பதில் எழுதவில்லை. இங்கே சொல்கிறேன்: என்னால் ஏற முடியாது. அதனால் எனக்கு மலையைப் பற்றிப் பேச உரிமையில்லை என்றால், படிப்பதற்கும் உரிமையில்லை என்று சொல்லிவிடுங்கள். ஏறியவர்கள் எழுதி ஏறியவர்களே படித்துக்கொள்ளட்டும். ஹெர்சாக்கின் புத்தகம் பல லட்சம் பிரதிகள் விற்றதே, வாங்கியவர்களெல்லாம் அன்னபூர்ணா ஏறியவர்களா?

அந்தக் குழுவிலிருந்து இன்று காலை விலகிவிட்டேன். சமாதானம் பேச அழைத்த நண்பர்களுக்கு நன்றி, இப்போதைக்கு வேண்டாம். நீக்கப்பட்ட ஐந்தையும் முதல் கமெண்டில் போடுகிறேன். அடுத்த சனிக்கிழமை முதல் மலைபடுகடாம் படிக்கப் போகிறேன், நச்சினார்க்கினியர் உரையை வைத்துக்கொண்டு, வாரம் ஐம்பது அடி. கூடப் படிக்க விருப்பமிருப்பவர்கள் சொல்லுங்கள். மலை ஏறியவரா என்று யாரையும் கேட்க மாட்டேன்.