ஓடாமலே கொடுத்திருக்கலாமே?

குழந்தைகள் அறக்கட்டளை ஒன்றுக்காக மாரத்தான் ஓடப்போகிறேன், முடிந்தவர்கள் நன்கொடை கொடுங்கள் என்று எழுதிய நாளிலிருந்து ஒரே கேள்வி விதவிதமாக வந்துகொண்டிருக்கிறது. "ஷூ, நுழைவுக் கட்டணம், பயணம்னு செலவழிக்கிற காசை நேரா அந்தப் பிள்ளைங்களுக்கே கொடுத்துடலாமே, எதுக்கு இந்த ஓட்டம்?" பாதிப் பேர் கிண்டலுக்குக் கேட்டார்கள். மீதிப் பேர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு. (கிண்டல் கோஷ்டியும் படிக்கலாம், காசு கேட்க மாட்டேன்.)

கேள்வி நியாயம்தான், கணக்குதான் இடிக்கிறது. என் பையில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் அது ஓர் ஆள் கொடுத்த நன்கொடை, அதோடு முடிந்தது. ஓடினால், என்னைத் தெரிந்த அத்தனை பேரிடமும் போய்க் கேட்க ஒரு சாக்கு கிடைக்கிறது. சும்மா போன் போட்டு "பிள்ளைங்களுக்கு உதவுங்களேன்" என்றால் "பார்க்கலாம்ப்பா" என்று வைத்துவிடுவார்கள். "42 கிலோமீட்டர் ஓடப்போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்பார்கள். அதற்கப்புறம்தான் "யாருக்காக ஓடுற, அவங்க என்ன செய்யறாங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை வரவழைக்கத்தான் இத்தனை பாடும்.

இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இருவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. சுலபமான வழியில் உதவுவதைவிட, உடம்பு வருந்தி உதவ வேண்டியிருக்கும்போது மக்கள் அதிகமாகக் கொடுக்க முன்வந்தார்கள். அதிலும் மனிதர் படும் துன்பத்தைத் துடைக்கும் காரியம் என்றால்தான் இது நன்றாக எடுபட்டது. பூங்கா மாதிரி சந்தோஷமான விஷயத்துக்கு அவ்வளவாக இல்லை. யோசித்தால் அபத்தம்தான். என் தொடை வலித்தால் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கப்போகிறது? ஆனாலும் மனசு அப்படித்தான் கணக்குப் போடுகிறது, காசும் வருகிறது. 1981இல் தொடங்கிய லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் இதுவரை அறப்பணிகளுக்குத் திரட்டிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

அதே லண்டனில் 2000இல் தன் முதல் மாரத்தானை ஓடியவர் ஃபௌஜா சிங். அப்போது அவருக்கு வயது 89. ஓடியது யாருக்காக? குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்காக உழைக்கும் பிளிஸ் அமைப்புக்காக. 2011இல் டொராண்டோவில் 100 வயதில் இன்னொரு மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதை ஏற்கவில்லை. போகட்டும். இன்குபேட்டரில் கிடக்கும் சிசுவுக்காக ஒரு கொள்ளுத்தாத்தா ஓடுகிறார் என்றால், எந்த விளம்பரக் கம்பெனியாலும் அதைவிட நல்ல வேண்டுகோளை எழுத முடியாது.

"பாதியில நின்னுட்டா காசைத் திருப்பித் தருவியா?" என்றும் ஒருவர் கேட்டார். டெர்ரி ஃபாக்ஸ் முடிக்கவில்லை. புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு 1980இல் கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஒரு டாலர் என்று அவர் நாட்டைக் கேட்டிருந்தார். 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்துவிட்டது, அன்றைய கனடாவின் மக்கள்தொகை அளவுக்கு.

முடித்தே ஆக வேண்டும் என்ற இந்த நெருக்கடிதான் உண்மையில் ஆபத்து. காசு வாங்கிவிட்டோமே என்று காயத்தோடு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை போட்டு வலியை அமுக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு; நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். உடம்பு எதுவரை தாங்கும் என்பது பயிற்சியிலேயே தெரிந்துவிடும். 30 கிலோமீட்டர் வாக்கில் தசையில் எரிபொருளாகச் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்து, அதுவரை தானாக ஓடிய கால் திடீரென்று யாரோ வேறு ஆளுடைய கால் மாதிரி ஆகிவிடும். பெருவிரல் நகம் கறுத்து, ஒரு நாள் சாக்ஸோடு கழன்று வரும். அது பரவாயில்லை, முளைத்துவிடும். முட்டி முளைக்காது. டாக்டர் வேண்டாம் என்றால் நான் ஓடமாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். கொடுத்த காசு அப்போதும் பிள்ளைகளிடம்தான் இருக்கும்.

சரி, "ஓடாமலே கொடு" என்கிறவர்கள் சொல்வது சரியாக இருக்கும் இடமும் உண்டு. பெரிய பந்தயங்களில் அறக்கட்டளைகளே காசு கொடுத்து ஓட்டக்காரர்களுக்கான நுழைவு இடங்களை வாங்கி, குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தருவேன் என்கிறவர்களுக்குக் கொடுக்கின்றன. அந்த இடத்தின் விலையைத் தாண்டிப் பெரிதாக எதுவும் திரட்டாவிட்டால், நன்கொடையாளர்கள் சேர்ந்து அந்த ஓட்டக்காரரை ஊர் சுற்ற அனுப்பி வைத்ததாகத்தான் அர்த்தம். அதனால் நுழைவுக் கட்டணமும் பயணமும் என் செலவு. நன்கொடை நேராக அமைப்பின் கணக்குக்குப் போகும், ரசீதும் அங்கிருந்தே வரும். என் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

"எத்தனை சதவீதம் நேரா குழந்தைக்குப் போகுது?" என்ற கேள்வியில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு வாராவாரம் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுக்குச் சம்பளம் வேண்டாமா? பேச மறுக்கும் பிள்ளையோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர் எதைச் சாப்பிடுவார்? பொம்மைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது. சம்பளத்துக்குக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறார்களா, போன வருடம் சொன்னதைச் செய்தார்களா.

இன்னொன்று, குழந்தைகளின் படம் போடச் சொல்லாதீர்கள். "ஒரு முகம் இருந்தா இன்னும் நிறைய வரும்" என்கிறார்கள். வரும்தான். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது இணையத்தில் தேடினால் அந்த அழுத முகமும் வரும். வேண்டுமானால் என் அழுத முகத்தைப் போடுகிறேன், 35ஆவது கிலோமீட்டரில் தாராளமாகக் கிடைக்கும்.

ஓடி முடித்ததும் மெடலோடு ஒரு படம் போடுவேன், அந்த ஆசை யாரை விட்டது. கூடவே எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தேதியில் அமைப்புக்குப் போனது என்ற விவரமும் வரும். மெடல் மட்டும் வந்து கணக்கு வரவில்லை என்றால், கமெண்டில் வந்து வெளிப்படையாகவே கேளுங்கள்.