போர் வந்தால் கழுகு தலையைத் திருப்புமா?

அமெரிக்கா போரில் இறங்கினால் அதன் முத்திரையில் உள்ள கழுகின் தலையை அமைதியைக் குறிக்கும் ஆலிவ் கிளையிலிருந்து போரைக் குறிக்கும் அம்புகளின் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்றொரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

நாட்டின் பெருமுத்திரை 1782 ஜூன் 20 அன்று ஏற்கப்பட்டது. கழுகின் வலது காலில் ஆலிவ் கிளை, இடது காலில் 13 அம்புகள். வலது என்பது கழுகுக்கு வலது. பார்க்கிற நமக்கு இடப்பக்கம். பலர் தடுமாறுவது இங்கேதான். அதன் முகம் கிளையை நோக்கியே இருக்கிறது; இரண்டு உலகப் போர்களிலும் மாறவில்லை.

குழப்பத்தின் வேர் வேறொரு சின்னம்: அதிபரின் முத்திரை. அதில் கழுகு 1945 வரை அம்புகளைப் பார்த்தது, அமைதிக் காலத்திலும்கூட. அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று அப்போதைய அதிபர் ட்ரூமன் பிறப்பித்த 9646-ஆம் எண் ஆணை முகத்தைக் கழுகின் வலப்பக்கம், அதாவது ஆலிவ் கிளையின் பக்கம் திருப்பியது. சின்னவியல் மரபில் வலமே மதிப்புக்குரிய பக்கம் என்பது முக்கியக் காரணம். அமைதியை நோக்கும் முகம் என்ற விளக்கமும் அப்போது சேர்க்கப்பட்டது. அதன்பின் கொரியா, வியட்நாம் போர்களின்போதும் அது திரும்பவில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பரப்புவோர், மாற்றம் நடந்தது 1945-இல் என்ற விவரத்தை விட்டுவிடுகிறார்கள்.