ரெண்டும் விளம்பரம்தான், சரி. அப்புறம்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குப் படம் போட்ட கதையை ஏற்கெனவே இங்கே புலம்பிவிட்டேன், மறுபடி ஆரம்பிக்கவில்லை. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னியின் கூட்டத்தோடு சேர்ந்து ஆடும், 1996-இல் வந்த 'ஸ்பேஸ் ஜாம்' போடுங்கள் என்றேன். ஜோர்டனுக்குப் பதில் லெப்ரான் ஜேம்ஸ் என்ற வீரர் நடித்து 2021-இல் வந்த இரண்டாவது படம் 'எ நியூ லெகசி'யைப் போட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. நேற்று ராத்திரி குழுவில் ஒரு தம்பி குரல்பதிவு அனுப்புகிறார்: "அங்கிள், ரெண்டுமே விளம்பரப் படம்தான். நீங்க சின்ன வயசுல பார்த்ததால உங்களுக்கு அது காவியமாத் தெரியுது." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் இரண்டு பேர் என் வீட்டில் காபி குடித்தவர்கள்.

சரி தம்பி, பேசுவோம்.

முதல் படம் விளம்பரம்தான். யார் இல்லை என்றது? 1992-இல் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி சமயத்தில் நைக்கி ஷூவுக்காக மைக்கேல் ஜோர்டனையும் பக்ஸ் பன்னியையும் சேர்த்து எடுத்த விளம்பரத்திலிருந்து முளைத்த படம் அது. விளம்பரத்தை எடுத்த ஜோ பிட்காதான் படத்துக்கும் இயக்குநர். படத்திலேயே ஜோர்டனின் எடுபிடி ஸ்டான், உள்ளாடையில் ஆரம்பித்து ஷூ, காலை உணவு, குளிர்பானம், பர்கர் வரை ஜோர்டன் விளம்பரம் செய்த அத்தனை பிராண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். திருடன் தானே வந்து கையைத் தூக்கி நிற்கிறான், நீங்கள் என்னவோ துப்பறிந்த மாதிரி குரல்பதிவு அனுப்புகிறீர்கள்.

நான் கேட்பது வேறு. முதல் படத்தில் பிரச்சினை யாருக்கு? கார்ட்டூன்களுக்கு. வேற்றுக்கிரகத்துப் பூங்கா முதலாளி அவர்களை அடிமைகளாகப் பிடித்துவர ஆள் அனுப்புகிறான். வந்தவர்கள் முழங்கால் உயரம்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் கூடைப்பந்து ஆடித் தீர்த்துக்கொள்வோம்" என்று குசும்பாகப் பந்தயம் கட்டுவது பக்ஸ் பன்னி. அந்தக் குள்ளர்கள் போய் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டக்காரர்கள் ஐந்து பேரின் திறமையைத் திருடிக்கொண்டு மலை மாதிரி திரும்பி வந்ததும், உதவிக்கு ஆள் தேடுகிறார்கள். ஜோர்டனின் திறமை ஏன் திருடு போகவில்லை? அவர் அப்போது கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்!

இது கதைக்காகக் கட்டியதில்லை. 1993 ஜூலையில் அவருடைய அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில் மனிதர் ஓய்வை அறிவித்தார். மகன் பேஸ்பால் ஆட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 1994-இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற சின்ன அணியில் போய்ச் சேர்ந்து திணறினார். 1995 மார்ச்சில் தன் பழைய கூடைப்பந்து அணியான சிகாகோ புல்ஸுக்குத் திரும்பினார். படத்தின் முதல் காட்சியில் ராத்திரியில் கொல்லைப்புறத்தில் சின்னப் பையன் ஜோர்டன் பந்து போட்டுக்கொண்டிருக்க, அப்பா வந்து நிற்பார். தியேட்டரில் இருந்த அமெரிக்கர்களுக்கு அந்த அப்பா இப்போது இல்லை என்று தெரியும். விளம்பரம்தான். ஆனால் உள்ளே ஒரு ஆள் இருந்தான்.

இரண்டாம் படத்தில் பிரச்சினை யாருக்கு? லெப்ரான் ஜேம்ஸ் குடும்பத்துக்கு. மகனுக்கு வீடியோ கேம் செய்வதில் ஆசை, அப்பாவுக்குப் புரியவில்லை. படத்தை எடுத்த வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் அல்காரிதமே, அதாவது கணினி நிரலே, வில்லனாகி மகனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பக்ஸ் பன்னியும் கார்ட்டூன் வாத்து டாஃபி டக்கும் அந்த அப்பா மகன் சண்டையில் ஆள்கணக்குக்கு அழைத்து வரப்பட்டவர்கள். தங்கள் படத்திலேயே துணை நடிகர்கள்! (பக்ஸ் பன்னி தனியாகக் கிடக்கிறது, நண்பர்களைத் தேடுகிறது என்று ஒரு இழை உண்டு. தெரியும். அது பத்து நிமிடம்.)

வேடிக்கை கேளுங்கள். லெப்ரானைக் கம்பெனியின் பழைய படங்களுக்குள் எல்லாம் நுழைக்கலாம் என்று அந்த அல்காரிதம் யோசனை சொல்கிறது. மோசமான யோசனை என்கிறார் லெப்ரான். பிறகு மிச்சப் படம் முழுக்க அதையேதான் செய்கிறார்கள். தி.நகரில் ஒரு சட்டை கேட்டுப் போனால் ஆறு மாடியையும் சுற்றிக்காட்டி அனுப்புவார்களே, அப்படி மேட்ரிக்ஸ், காசாபிளாங்கா, மேட் மேக்ஸ் என்று கம்பெனியின் கிடங்கு முழுக்கக் காட்டுகிறார்கள். ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தில் கிங்காங் நிற்கிறது, சரி. 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' ரௌடிகளும் நிற்கிறார்கள். 1971-இல் வந்த அந்த வன்முறைப் படத்தை எந்தக் குழந்தைக்குக் காட்டுவீர்கள்? எங்கள் மாடியில் ஒரு பொடியன், "யாருப்பா அந்தத் தொப்பி அங்கிள்?" என்று கேட்டான். அவன் அப்பா செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"நாஸ்டால்ஜியா" என்பீர்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்தது விசிடி வாடகைக்கு எடுத்து, படம் நடுநடுவே கட்டம் கட்டமாக உடைய. பள்ளிக் கூடைப்பந்து அணியில் இடம் கேட்டுப் போனபோது பயிற்சியாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் ஒசரத்துக்கு கோகோ ஆடுடா, போ" என்றார். எல்லோர் முன்னாலும். அந்த வாரம்தான் விசிடியில் மக்ஸி போக்ஸ் என்ற மனிதரைப் பார்த்தேன். திறமையைப் பறிகொடுத்த ஐந்து பேரில் ஒருவர். 5 அடி 3 அங்குலம். என்பிஏ வரலாற்றிலேயே குள்ளமான ஆட்டக்காரர். குள்ளனிடமிருந்தும் திருடுவதற்கு ஏதோ இருக்கிறது என்று ஒரு கார்ட்டூன் படம் சொன்னது எனக்கு. இதற்குப் பெயர் நாஸ்டால்ஜியா என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் அணியில் சேரவில்லை. கோகோவும் ஆடவில்லை.

ஜோர்டனுக்கு நடிப்பு வராது என்பீர்கள். வராது. லெப்ரானுக்கு 2015-இல் 'ட்ரெய்ன்ரெக்' படத்தில் அழகாக வந்தது. அப்படிப்பட்டவரைப் பிடித்து மோசமான நடிகருக்கான ராஸ்ஸி என்ற கேலி விருதை வாங்க வைத்தது யார்?

பழைய கார்ட்டூன்களை எடுத்த சக் ஜோன்ஸுக்கே முதல் படம் பிடிக்கவில்லையே என்பீர்கள். பெரியவர், பிடிக்காமல் போக அவருக்கு உரிமை உண்டு. அடுத்தது.

முதல் படத்தில் பெண் முயல் லோலா பன்னியை அலங்காரப் பொம்மையாக வைத்திருந்தார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவதில் எதிரணியில் டயானா டராசி, நெகா ஒகுமிகே என்று நிஜப் பெண் ஆட்டக்காரர்களைச் சேர்த்தது நல்ல காரியம். கையால் வரைந்த கார்ட்டூன் உலகத்தில் லெப்ரான் வந்து விழும் பகுதியும் அழகு. பிறகு எல்லோரையும் கணினி ரோமம் போர்த்திய பொம்மைகளாக்கி அதையும் கெடுத்தார்கள். வசூல்? முதல் படம் உலகளவில் சுமார் 25 கோடி டாலர், இரண்டாவது சுமார் 16 கோடி. கொரோனா காலம், அதே நாளில் எச்பிஓ மேக்ஸ் ஓடிடியிலும் வந்தது, அதனால் அதை வைத்து நான் வாதாடவில்லை. சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

எனக்கு ஆறாதது பக்ஸ் பன்னிக்குச் செய்ததுதான். முதல் படத்தில் இடைவேளையில் ஸ்கோர் 66-க்கு 18. எல்லோரும் நொறுங்கிக் கிடக்கிறார்கள். பக்ஸ் ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீரைப் பிடித்து, ஜோர்டனின் ரகசிய மருந்து என்று எழுதி ஆளுக்கொரு மடக்கு கொடுக்கிறது. குடித்துவிட்டுப் பொளந்து கட்டுகிறார்கள். அதுதான் பக்ஸ் பன்னி. ஏமாற்றியே காப்பாற்றும் பிறவி. 2021-இல் அதே முயல் அணிக்காக உயிரைக் கொடுக்கிறது! சோக இசை வேறு. கேரட் கடித்துக்கொண்டு துப்பாக்கிக்காரனை முட்டாளாக்கியவனைத் தியாகி ஆக்கிவிட்டார்கள். கடைசியில் திரும்பி வருகிறதே என்பீர்கள். செத்த மாதிரி காட்டியதே குற்றம்தான்.

லெப்ரான் மேல் எனக்குக் கோபமே இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் 16 வயது அம்மாவுக்குப் பிறந்து, அப்பா இல்லாமல் வளர்ந்தவர். தான் பார்க்காத அப்பாவாகத் தன் பிள்ளைக்கு இருக்க வேண்டும் என்ற தவிப்பு அவரிடம் நிஜமாகவே இருக்கிறது. அதை எடுத்திருக்கலாமே? 1998-இல் ஆக்ரனில் கேம்பாய் என்ற கையடக்க வீடியோ கேமோடு நிற்கும் சின்னப் பையன் லெப்ரானில்தான் படமே தொடங்குகிறது. தொட்டார்கள், உடனே கிங்காங்கைக் கொண்டுவந்து மறைத்துவிட்டார்கள். நிஜத்தில் அவருடைய மூத்த மகன் பிரானிக்கு 2023 ஜூலையில் பயிற்சியின்போது இதயம் நின்றுபோய்ப் பிழைத்தான். 2024 அக்டோபரில் அப்பாவும் மகனும் லேக்கர்ஸ் அணியின் சட்டையில் ஒன்றாகக் களத்தில் இறங்கினார்கள். என்பிஏவில் அதற்கு முன் நடந்ததே இல்லை. ஆடியது சில நிமிடம்தான், அதை நான் செல்போனில் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

"வாரிசு" என்று கீழே எழுதக் கை துறுதுறுக்கும், தெரியும். என்பிஏ அணிகள் புது ஆட்களை எடுக்கும் தேர்வில் 55-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள் அவனை, அதுவும் அப்பா பெயருக்காகத்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. யாராவது ஒருவர் அந்தப் பையனிடம், "கோகோ ஆடு, போ" என்று சொல்லாமல் இருந்தார்களே.